முதியோர் நீரிழிவும் தொலைபேசி ஆதரவும்: மாத்திரையை நினைவூட்டுவதோடு முடிவதில்லை

நீண்ட நாளாக நீரிழிவோடு வாழும் பெரியவர்களுக்கு மருத்துவமனையிலிருந்தோ சுகாதார மையத்திலிருந்தோ போன் செய்து பேசும் சேவைகள் பல நாடுகளில் இருக்கின்றன. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள். "மாத்திரை போடச் சொல்லி ஞாபகப்படுத்துவாங்க, அவ்வளவுதான். அதுக்கு ஒரு அலாரம் போதாதா?" என்பது ஒன்று. "இனிமே டாக்டரைப் போய்ப் பார்க்கவே வேண்டாம், எல்லாம் போன்லயே முடிஞ்சிடும்" என்பது இன்னொன்று. முதல் பேச்சு ஒரு நல்ல உதவியைப் பெரியவர்களிடமிருந்து தட்டிவிடுகிறது. இரண்டாவது பேச்சு ஆபத்தில் கொண்டுபோய் விடக்கூடியது.

தொலைபேசி ஆதரவு என்றால் என்ன? பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த இடைவெளியில் தாமே அழைத்து, நோயாளியின் அன்றாடப் பராமரிப்பில் எங்கே இடிக்கிறது என்று கேட்டு, தம்மால் முடிந்ததைச் சரிசெய்து, மீதியை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இது எப்படி வேலை செய்கிறது என்று புரிய, முதலில் நீரிழிவையே கொஞ்சம் வேறு கோணத்தில் பார்க்க வேண்டும்.

இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில்

சைக்கிள் ஓட்டுகிறவர் நேர்கோட்டில் போவதுபோலத்தான் தெரியும். கையைக் கூர்ந்து பார்த்தால் ஹேண்டில்பார் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று திருத்திக்கொண்டே இருக்கும். சாய்வது தெரிந்த உடனே கை திருத்திவிடுவதால், திருத்தம் சின்னதாக இருந்தாலே போதும். அதே ஆளின் கண்ணைக் கட்டிவிட்டு, நூறு அடிக்கு ஒருமுறை மட்டும் கட்டை அவிழ்த்தால் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விழத்தான் செய்வார்.

ஆரோக்கியமான உடலில் ரத்தச் சர்க்கரை இப்படித்தான் ஓட்டப்படுகிறது. சர்க்கரை ஏறினால் கணையம் இன்சுலினைக் கூட்டும். இறங்கினால் இன்சுலினைக் குறைத்து, கல்லீரலிலிருந்து சர்க்கரையை எடுத்துவிடும் குளூககான் என்ற ஹார்மோனை அனுப்பும். விளைவைப் பார்த்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பின்னூட்டம் என்று பெயர். நீரிழிவில் கெட்டுப்போவது இந்தத் தானியங்கித் திருத்தம்தான். உடல் செய்த வேலையில் ஒரு பங்கை இனி மனிதர் கையால் செய்ய வேண்டியிருக்கிறது: மாத்திரை, ஊசி, சாப்பாடு, நடை, விரல் நுனியில் குத்திப் பரிசோதனை.

ஆனால் மருத்துவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை. அன்றைக்கு வழக்கமாகப் பார்க்கும் எண் ஹெச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். எனவே எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால் கடந்த 2, 3 மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். அருமையான பரிசோதனைதான். ஆனால் சராசரிக்குள் எவ்வளவோ ஒளிந்துகொள்ளலாம். ஒருவருக்கு நாள் முழுக்கச் சர்க்கரை சீராக இருக்கும். இன்னொருவருக்கு மதியம் எகிறி, விடியற்காலை படுபாதாளத்துக்கு இறங்கும். இருவருக்கும் ஹெச்பிஏ1சி 7.5 சதவீதம் என்றே வரலாம். அதோடு, அந்த எண் எப்போதும் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும்.

சுருக்கமாக: நீரிழிவில் உடல் இழப்பது சின்னச் சின்னத் திருத்தங்களை. மருத்துவச் சந்திப்புகள் அந்தத் திருத்தத்துக்குப் போதாத அளவு இடைவெளி விட்டு வருகின்றன. தொலைபேசி ஆதரவு அந்த இடைவெளியில்தான் உட்காருகிறது.

வயதானால் எதற்குப் பயப்பட வேண்டும்

சர்க்கரை என்றதும் எல்லோருக்கும் "ஏறிடக் கூடாது" என்றுதான் பயம். ஏறினால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எல்லாம் கெடும் என்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் சேதம். இன்சுலின் போடும் பெரியவருக்கும், கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை போடும் பெரியவருக்கும், இன்று மாலையே விழவைக்கக்கூடிய ஆபத்து இன்னொன்று இருக்கிறது. அது தாழ்சர்க்கரை: ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போவது. 54-க்குக் கீழே போனால் மூளைக்கே போதிய சர்க்கரை கிடைக்காத நிலை.

இளையவருக்குச் சர்க்கரை இறங்கினால் உடம்பு கூச்சல் போடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பசி பிடுங்கும். வயதாக ஆக, அதுவும் நீரிழிவு பல ஆண்டு ஆகிவிட்டால், இந்தக் கூச்சல் மங்கிப்போகிறது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் இன்னும் மறைத்துவிடும். மிஞ்சுவது தலைசுற்றல், சோர்வு, பேச்சுக் குழறல், தடுமாற்றம், குழப்பம். பார்க்கிறவர்கள் "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபிறகு, "கால் வழுக்கிடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரகத்தின் வேகமும் வயதோடு குறைகிறது. முன்பு உடலைவிட்டு வெளியேறிய மருந்து இப்போது கூடுதல் நேரம் தங்கும். கிளிபென்கிளமைடு போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். பத்து வருஷமாகப் போடும் அதே அளவு மாத்திரை, உடல் மாறிவிட்டதால் இன்று அதிக அளவாகிவிடலாம்.

"சர்க்கரை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணத்தை உலுக்கிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்ட் ஆய்வில், இதய நோயோ அதற்கான கூடுதல் ஆபத்தோ இருந்த இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஹெச்பிஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரத் தீவிரமாக மருந்து கொடுத்தார்கள். அந்தக் குழுவில் இறப்பு கூடுதலாக இருந்ததால் 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்த வேண்டிவந்தது. இன்று வழிகாட்டுதல்கள் எல்லா முதியவருக்கும் ஒரே இலக்கு வைப்பதில்லை. திடமாக இருப்பவருக்கு 7 முதல் 7.5 சதவீதத்துக்குக் கீழே, பல நோய்களோடு இருப்பவருக்கு 8-க்குக் கீழே என்று தளர்த்திக்கொள்ளச் சொல்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எந்த எண் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருங்கள். அந்த எண் தெரியாமல் போனில் யார் என்ன அறிவுரை சொன்னாலும் அது குறி தெரியாமல் எறிந்த கல்தான்.

ஒரு அழைப்பு

நடக்கக்கூடிய ஓர் உரையாடலைப் பார்ப்போம். அழைப்பவர் ஒரு நர்ஸ். எடுப்பவர் தனியாக இருக்கும் எழுபது தாண்டிய ஒருவர்.

"வணக்கம் ஐயா, நர்ஸ் பேசுறேன். இப்போ பேச வசதிப்படுமா?"

"சொல்லும்மா."

"மாத்திரையெல்லாம் எப்படிப் போகுது ஐயா?"

"ஒரு வேளைகூட விடலைம்மா. இன்னைக்குக் காலையிலயும் போட்டுட்டேன்."

நினைவூட்டும் சேவை என்றால் அழைப்பு இங்கே முடிந்திருக்கும். பட்டியலில் ஒரு டிக், அடுத்த நம்பர். இவர் விடவில்லை.

"ரொம்ப நல்லது ஐயா. காலையில சாப்பாடு எப்படி?"

"வயிறு சரியில்லைம்மா, ரெண்டு நாளா. சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"அடடா. நேத்து எப்படி இருந்தீங்க?"

"நேத்தும் அப்படித்தான். சாயங்காலம் கிறுகிறுன்னு வந்துச்சு. படுத்தேன், சரியாயிடுச்சு."

"சாப்பிடாதபோதும் மாத்திரை போட்டீங்களா ஐயா?"

"நீங்கதானேம்மா என்ன ஆனாலும் விடக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவர் செய்தது தவறே இல்லை. சொன்னதை அப்படியே கேட்டார். ஆனால் அவர் போடுவது சல்ஃபோனைல்யூரியா. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. அது இன்சுலினை வெளியேற்றிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் "கிறுகிறு" அநேகமாகத் தாழ்சர்க்கரை.

நர்ஸ் போனை வைக்காமலே மீட்டரை எடுத்துவரச் சொல்கிறார். "ஆறு, ரெண்டு" என்று படிக்கிறார் பெரியவர். 62. வாந்தி இல்லை, விழுங்க முடிகிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார். 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு முறை அதே அளவு. தாண்டியபிறகு எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் சாப்பிட வேண்டும். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப இறங்கக்கூடும். ஆகவே பக்கத்தில் யாரையாவது வரவழைக்கிறார், மருத்துவரிடம் உடனே தெரிவிக்கிறார், அடுத்த வேளை மாத்திரையை என்ன செய்வது என்ற முடிவை மருத்துவரிடமிருந்து வாங்கித் தருகிறார், அன்றைக்கே மறுபடியும் அழைக்கிறார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது அவசர ஊர்திக்குத்தான் போன்.

இதில் வேலை செய்தது எது

முதலில், அழைத்தது அவர்கள். "கஷ்டம் இருந்தா எங்களைக் கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்து அனுப்புவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அந்தப் பெரியவர் ஒரு தலைசுற்றலுக்காக யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார். "எதுக்குத் தொந்தரவு" என்று படுத்துவிடுவார். படுத்தும்விட்டார்.

அடுத்தது கேள்வி கேட்ட விதம். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று ஒரு பதில் வந்து கதவு மூடிக்கொள்ளும். "சாப்பாடு எப்படி?" என்றால் வயிற்று உபத்திரவம் வெளியே வருகிறது. அறிவுரை சொல்லி முடித்தபிறகும் அப்படித்தான். "புரிஞ்சுதா?" என்பதற்கு உலகத்தில் எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். நல்ல நர்ஸ், "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும். சாப்பிட முடியாத நாள்ல என்ன செய்வீங்கன்னு நீங்க ஒரு தடவை சொல்லுங்க ஐயா" என்பார். கேட்டவர் தன் சொல்லில் திருப்பிச் சொல்லும் இந்த முறைக்குத் திருப்பிச்சொல்லல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பெரியவரைப் பரீட்சை எழுதவைப்பதாக இல்லாமல், சொன்னவரின் விளக்கத்தைச் சோதிப்பதாகக் கேட்பதில்தான் அதன் நாகரிகம் இருக்கிறது.

மூன்றாவதாக, ஒரே குரல். மாதாமாதம் புதுப்புது ஆள் கூப்பிட்டால் பெரியவர்கள் "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். போன தடவை மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னதை நினைவு வைத்துக் கேட்கிறவரிடம்தான், ஊசி போட மறந்ததும் மனம் சோர்ந்து கிடந்ததும் வெளியே வரும். பல ஆண்டு நீரிழிவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு ஒரு சலிப்பு வருகிறது. எவ்வளவு செய்தாலும் தீராத நோய் அல்லவா? அந்தச் சலிப்பை யாராவது காதுகொடுத்துக் கேட்பது உபசாரப் பேச்சு என்று நான் நினைக்கவில்லை. சலித்தவர்தான் மருந்தை விடுகிறார், பரிசோதனையை விடுகிறார்.

நாலாவது, எல்லை. நர்ஸ் மருந்தின் அளவைத் தன் இஷ்டத்துக்கு மாற்றவில்லை. எந்த எண் வந்தால் தானே கையாளலாம், எது வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்று எழுதிவைத்த வழிமுறை அவர் கையில் இருக்கிறது. மருத்துவரோடு இணைப்பே இல்லாத சேவை, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும், திருத்தாது.

பதிவுசெய்த குரலில் வரும் தானியங்கி அழைப்பும், குறுஞ்செய்தியும் கெட்டவை என்று சொல்லவரவில்லை. பரிசோதனைத் தேதியை நினைவூட்ட அவை போதும். அந்த "கிறுகிறு"வை அவற்றால் பிடிக்க முடியாது என்பதுதான் விஷயம்.

சுருக்கமாக: தாமே அழைப்பது, திறந்த கேள்வி, பழகிய குரல், மருத்துவரிடம் போகும் வழி. இவற்றில் எது குறைந்தாலும் அது வெறும் அலாரம்தான்.

காது என்ற தடை

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய வகைத் தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளைத்தான் கடத்தும். ச, ஸ போன்ற கீச்சொலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. வயதானால் முதலில் மங்குவதும் இந்தக் கீச்சொலிகளைக் கேட்கும் திறன்தான். போதாக்குறைக்கு, நீரிழிவு உள்ளவர்களிடம் காது மந்தம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. எதிரில் உட்கார்ந்து பேசும்போது உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறவருக்குப் போனில் அந்த உதவியும் இல்லை.

ஆக, போனில் "இருபது" என்பது "அறுபது" என்று கேட்டுவிட வாய்ப்பிருக்கிறது. இன்சுலின் அளவில் இந்த மாதிரிப் பிசகு நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எண்களை "ரெண்டு, பூஜ்யம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டவரும் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுக் கத்துவதைவிட மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுவது பலன் தரும். ஒரே அழைப்பில் ஐந்து விஷயம் சொல்வதைவிட ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிட்டு, அதையே எழுதியும் அனுப்பிவைப்பது மேல்.

பலன் எவ்வளவு?

இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் 591 பேரை வைத்து நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், நர்ஸின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே போன் செய்தார்கள். ஹெச்பிஏ1சி கூடுதலாக இருந்தவருக்கு அடிக்கடி, குறைவாக இருந்தவருக்கு எப்போதாவது என்று அழைத்தார்கள். ஓர் ஆண்டில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், போன் வந்தவர்களின் ஹெச்பிஏ1சி 0.31 சதவீதப் புள்ளி குறைந்து முன்னேறியிருந்தது. ஏற்கெனவே 7-க்குக் கீழே இருந்தவர்களிடம் மாற்றம் இல்லை. அதற்கு மேலே இருந்தவர்களிடம் முன்னேற்றம் 0.49 புள்ளி.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே நாட்டின் பர்மிங்காமில் நீரிழிவு உட்பட நீண்டகால நோயாளிகளுக்கு நடந்த பெரிய தொலைபேசித் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, எதிர்பார்த்ததுபோல் மருத்துவமனைச் சேர்க்கையோ செலவோ குறையவில்லை என்று காட்டியது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். போன், சரியான ஆளுக்குச் சரியான இடைவெளியில் போனால் அளவான, உண்மையான பலன் தரும். கட்டுப்பாடு தளர்ந்திருப்பவர், மருந்து புதிதாக மாறியவர், மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியவர், தனியாக இருப்பவர் ஆகியோருக்கு முதல் அழைப்பு போக வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்கும் இயந்திரமாக இதை விற்கிறவர்களை நம்ப வேண்டாம்.

போனில் முடியாதவை

பாதத்தில் தொடுவுணர்வு போயிருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுச் சோதிப்பது, விழித்திரையைப் படம் எடுப்பது, ரத்தமும் சிறுநீரும் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் நேரில்தான் போக வேண்டும். தொலைபேசியால் செய்யக்கூடியது, அவரை அங்கே போகவைப்பது. உணர்வு மங்கிய பாதத்தில் புண் வலிக்காது. எனவே "கால் வலிக்குதா?" என்று கேட்பதில் பயன் குறைவு. "சாக்ஸைக் கழட்டி, உள்ளங்காலைக் கண்ணாடியில பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்" என்பதுதான் கேள்வி. இன்சுலின் போடுகிறவரிடம், ஊசி குத்தும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லலாம். அங்கே தடிப்போ கட்டியோ தட்டுப்பட்டால் அந்த இடத்தில் போடும் இன்சுலின் ஒழுங்காக உடலில் சேராது. இடத்தை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றியதும் மருந்து முன்பைவிட நன்றாக ஏறலாம் என்பதால் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டே மாற்ற வேண்டும்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, நிற்காத வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் இருந்தால் அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது.

முதல் அழைப்புக்கு முன்

போன் பக்கத்தில் மீட்டர், மருந்துப் பட்டியல், மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, குளுக்கோஸ் எல்லாம் இருக்கட்டும். சர்க்கரை அளவுகளை நினைவிலிருந்தோ நோட்டிலிருந்தோ சொல்வதைவிட மீட்டரின் நினைவகத்திலிருந்து படிப்பது நல்லது. நோட்டில் எல்லா எண்ணும் 0-விலும் 5-லும் முடிந்தால் அது தோராயமாக எழுதியது; அதற்காகப் பெரியவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், மீட்டரில் பழைய எண்களைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். சாப்பிட முடியாத நாளிலும் வாந்தி, பேதி வந்த நாளிலும் எந்த மருந்தை நிறுத்தணும், எதை நிறுத்தவே கூடாது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உடம்புக்கு முடியாத நாளில் சர்க்கரை ஏறவும் செய்யும் என்பதால் இன்சுலினைத் தாமாக நிறுத்தவே கூடாது.

சேவையிலிருந்து அழைப்பவரின் பெயரையும் நம்பரையும் முதலிலேயே வாங்கி எழுதிவையுங்கள். வங்கி விவரமோ ஓடிபியோ கேட்டால் அது அந்தச் சேவை இல்லை. உடனே வைத்துவிட வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போன் வந்ததும் வாங்கி, "அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்று நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பதில் அவர் சொல்லட்டும், மெதுவாகச் சொன்னாலும் சரி. ராத்திரி அவர் தடுமாறியதோ மாத்திரை டப்பாவில் மிச்சம் இருந்ததோ அவர் சொல்லாமல் விட்டிருந்தால், கடைசியில் "அப்பா, இதையும் சொல்லிடலாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துச் சொல்லுங்கள்.